பல்வேளைச் சங்கு

சாமோவா நாட்டு ஃபலேதோவா ஊரில் அலபாதிக்கு இருந்த ஒரே மரியாதை அவன் ஊதுகிற சங்கு. தலைவர் பட்டம் கிடையாது. சபை வீட்டில் சாய்ந்து உட்காரத் தனக்கென்று ஒரு தூண் கிடையாது. மலைச்சரிவில் கொஞ்சம் டாரோக் கிழங்குத் தோட்டம், நாலு பன்றி, மரேத்தா என்று ஒரு பெண்டாட்டி. அவ்வளவுதான் சொத்து. ஆனால் சாயங்காலம் அவன் சங்கை வாயில் வைத்து ஊதினால், கடலில் குதித்துக்கொண்டிருக்கும் பொடியன்கள் முதல் பட்டம் கட்டிய தலைவர்கள்வரை, ஊரே போட்டது போட்டபடி வீட்டுக்குள் போய் ஜெபத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு மனிதன் தன் மூச்சால் மந்திரி மச்சினனையும் உட்காரவைக்க முடிகிறதென்றால், அதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால்தான் ஒருநாள் மூச்சோடு ரத்தமும் வந்தபோது அவன் சங்கைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினான். கண்ணாடியில் பார்த்தான். ஈறு ஊதிச் சிவந்திருந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று நாக்கால் தள்ளினால் லேசாக அசைந்தது. அன்றிலிருந்து நாக்கு சும்மா இருக்கவில்லை. தோட்டத்தில் கொத்தும்போதும், சர்ச்சில் பாடும்போதும், பெண்டாட்டி திட்டும்போதும் அந்தப் பல்லைப் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அந்தப் பல் விழுந்தால் காற்று ஒழுகும். காற்று ஒழுகினால் சங்கு பன்றி தும்முகிற மாதிரி கத்தும். அப்புறம் அலபாதியை யார் மதிப்பார்கள்?

மாவட்ட ஆஸ்பத்திரியில் பல் பார்க்கிற நர்ஸ் செலேசிதினா அவன் வாயை விரித்துப் பார்த்தாள்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. ஈறுதான் கெட்டுப்போயிருக்கு. எப்ப எப்ப விளக்குவ?"

"ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, சிஸ்டர்."

"சாமிக்காக விளக்குறியா? சரி, இனிமே உனக்காகவும் விளக்கு. காலையில ஒரு தடவை, படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. மெத்துன்னு இருக்கிற பிரஷ் வாங்கிக்க. பல்லும் ஈறும் சேர்ற எடத்துல மெதுவா சுத்திச் சுத்தித் தேய். சட்டி தேய்க்கிற மாதிரி போட்டுத் தேய்க்காத. பல்லிடுக்குல நூலை விட்டு அழுக்கை எடு. கோகோவுல சீனியை அள்ளிக் கொட்டாத. மொதல்ல ரத்தம் வரத்தான் செய்யும். அதுக்குப் பயந்து விட்டியோ, பல்லு போயிரும். விடாமச் செஞ்சா நிக்கும்."

அலபாதி விடாமல் செய்தான். சாமோவாவில் சுவரில்லாத வீட்டில் ஒருவன் புதிதாக எதைச் செய்தாலும் ஊர் முழுக்கப் பார்க்கும். வேடிக்கை பார்த்தவர்களில் முதல் ஆள் மரேத்தா.

"என்னய்யா, ரெண்டு வேளையும் தேய்ச்சுத் தேய்ச்சு வெளுக்கிற? எவளுக்குப் பல்லைக் காட்டப் போற?"

"சங்குக்குக் காட்டப் போறேன், போடி."

ஒரு மாதத்தில் ரத்தம் நின்றது. பல் ஆடுவதும் குறைந்தது. சந்தோஷம் தாங்காமல் அதை அவன் மரேத்தாவிடம் சொன்னான். மரேத்தா பெண்கள் குழுவில் சொன்னாள். குழுவின் தலைவி அகெனெசே அதைத் தன் கணவரிடம் சொன்னாள். அவர் ஊரின் பெருந்தலைவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அலபாதி கெட்டது நன்றாகிவிட்ட வாயால்.

திங்கட்கிழமை ஊர்ச்சபை கூடியது. பெருந்தலைவர் வழக்கம்போல் தன் தூணில் சாய்ந்து மௌனமாக இருந்தார். அவருக்காகப் பேசுகிற பேச்சுத்தலைவர் லேமௌது கைத்தடியை ஊன்றி எழுந்து, நார்ச்சாமரத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போட்டுக்கொண்டார். சாமரம் தோள் மாறினால் பேச்சு நீளும் என்று அர்த்தம். அலபாதி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தன்னைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் புதுச்சட்டை போட்டிருந்தான்.

"அலபாதியோட ஈறு கெட்டிப்பட்டிருச்சாம். சந்தோஷம். ஆனா யாரைக் கேட்டுக் கெட்டிப்பட்டுச்சு?" என்று லேமௌது ஆரம்பித்தார். "ஊரு ஈறு மொத்தமும் ஆடிக்கிட்டிருக்கிறப்ப, ஒருத்தன் ஈறு மட்டும் தனியா கெட்டிப்படுறது நம்ம வழக்கமா? மீன் பிடிச்சா ஊருக்குப் பங்கு. பன்னி அடிச்சா ஊருக்குப் பங்கு. ஆரோக்கியம் மட்டும் வீட்டுக்குள்ள பதுக்குறதா? இன்னொண்ணு கேக்குறேன். தனியாப் பல்லு விளக்குறவன், தனியா என்னத்தைத் தின்னான்?"

சபை முழுக்க அலபாதியைத் திரும்பிப் பார்த்தது. தின்றதை எல்லாம் அவன் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத் தலைநகர் ஆப்பியாவிலிருந்து வாய்நல வாரியத்தின் அறிவிப்பும் வந்து சேர்ந்திருந்தது. தீவிலேயே பல்லையும் ஈறையும் நன்றாகப் பேணும் ஊருக்குப் பரிசு. பரிசு என்னவென்றால், ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்று, அது நிறைய ஐஸ்கிரீம். லேமௌது அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். இரண்டாம் தடவை பெருந்தலைவர் கண்ணைத் திறந்தார்.

சபை அன்றே சட்டம் போட்டது. ஜெபவேளை இருப்பதுபோல இனி பல்வேளையும் உண்டு. காலையில் ஒன்று, சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஒன்று. முதல் சங்குக்கு எல்லாரும் வீட்டு முன் வந்து நிற்க வேண்டும். இரண்டாம் சங்குக்கு மேல்வரிசை. மூன்றாம் சங்குக்குக் கீழ்வரிசை. நான்காம் சங்குக்குக் கொப்பளிப்பு. பல்வேளைக்கு முன்னாலோ பின்னாலோ எவனாவது பல் விளக்கினால் அபராதம் ஒரு பெட்டி டின் மீன். ஊரே ஒன்றாக விளக்க வேண்டும், அல்லது ஒருவனும் விளக்கக்கூடாது.

அலபாதிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சங்கு ஊதியவன் இனி நாள்முழுக்க ஊதுவான். முதல் நாள் சபை வீட்டு மேட்டில் நின்று ஊதினான். ஊர் வரிசையாக நின்று மேல்வரிசை தேய்த்தது, கீழ்வரிசை தேய்த்தது, ஒரே நேரத்தில் துப்பியது. பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. நான்காம் சங்கும் ஊதி முடித்து, மடியிலிருந்து தன் பிரஷை எடுத்தபோதுதான் விஷயம் உறைத்தது. பல்வேளை முடிந்துவிட்டது.

நேராக லேமௌதுவிடம் போனான். அவர் தேங்காய்ப்பால் பன்னைக் கோகோவில் முக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எல்லாரும் விளக்குற நேரத்துல நான் ஊதுறேன். நான் எப்பய்யா விளக்குறது?"

"நீ எதுக்குடா விளக்கணும்?"

"எனக்குத்தானே ஐயா ஈறு சரியில்ல? என்னை வச்சுத்தானே இது எல்லாம் ஆரம்பிச்சுச்சு?"

"அதான் ஆரம்பிச்சு வச்சிட்டியே, அப்புறம் என்ன? டேய், வழி காட்டுற கைகாட்டி மரம் என்னைக்காவது ஊருக்குப் போயிருக்கா? ஊதுறவன் விளக்குறதில்ல. நீ சட்டத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன்."

"ஊதி முடிச்சப்புறம் ரெண்டே நிமிஷம், ஐயா..."

"முடிச்சப்புறம்னா குத்தம். நல்லாப் பாத்துக்க, குத்தம் செய்யிறதுக்குன்னே உனக்கு ஒரு சட்டம் போட முடியாது. இந்தா, பன்னு சாப்பிடு."

தலைவர் தருவதை வேண்டாமென்று சொல்ல முடியுமா? அலபாதி பன்னைத் தின்றான். அதன் சீனிப்பாகு பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. வீடு வந்து சேர்வதற்குள் நாக்கு பத்துத் தடவை அங்கே போய் வந்தது.

இதற்கிடையில் பல்வேளை வளர்ந்துகொண்டே போனது. கடைவாய்க்குத் தனிச் சங்கு வேண்டும் என்றார் ஒரு தலைவர். அவருக்குக் கடைவாயில் மட்டும்தான் பல் இருந்தது. நாக்கு வழிக்க ஒரு சங்கு, ஈறு தடவ ஒரு சங்கு, பெருந்தலைவர் தன் கட்டுப்பல்லைக் கழற்ற ஒரு சங்கு, அதைத் திரும்ப மாட்ட ஒரு சங்கு என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஏறியது. ஜெபவேளைக்குப் பாதையில் காவல் நிற்கிற இளவட்டங்கள் பல்வேளைக்கும் கம்போடு நின்றார்கள். அவர்களுக்கு நாட்டாமை மரேத்தாவின் தம்பி ஃபெரேத்தி. ஒருநாள் காலையில் அவன் ஆப்பியா போகிற பேருந்தையே மறித்துவிட்டான்.

"எறங்குங்க, எறங்குங்க. பல்வேளை."

"தம்பி, நாங்க வேற ஊரு. சந்தைக்குப் போறோம்," என்றார் ஓட்டுநர்.

"பல்லு எங்க ஊரு எல்லைக்குள்ள வந்திருச்சுல்ல? பிரஷ் இல்லாட்டி விரல்."

பேருந்து நிறைய ஜனம் டாரோ மூட்டைகளுக்கு நடுவே ஆட்காட்டி விரலை வாயில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே அலபாதி ஊதினான். எவனோ ஒரு அசலூர்க்காரன் தேய்க்கிறான், தனக்கு அந்த விரலுக்கும் வழியில்லை என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பிறகு பெண்கள் குழு களத்தில் இறங்கியது. வீடு வீடாகப் போய்ப் பாய், கொசுவலை, கழிப்பறை எல்லாம் சோதிப்பது அந்தக் குழுவின் பழைய வழக்கம். இப்போது அதோடு பிரஷையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நல்ல பாயை விரித்து, குடும்பத்தின் பிரஷ்களை அதன்மேல் வரிசையாக வைக்க வேண்டும். அகெனெசே ஒரே மாதிரி உடுத்திய பெண்களோடு வந்து குனிந்து பார்ப்பாள். முடி கலைந்த பிரஷுக்கு மதிப்பெண் குறையும். பசை காய்ந்த பிரஷுக்கு இன்னும் குறையும். முதல் சோதனையில் ஊரிலேயே கடைசியாக வந்தது அலபாதி வீடு.

"மரேத்தா, இது பிரஷா, கோழி கிண்டின குப்பையா?" என்றாள் அகெனெசே, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து.

"அவரு தெனமும் ரெண்டு வேளை தேய்ச்ச பிரஷ், தலைவியம்மா."

"அதைத்தான் கேக்குறேன். தேய்ச்சுத் தேய்ச்சு இப்படியா பாழாக்குறது? லேமௌது வீட்டுப் பிரஷைப் போய்ப் பாரு. கடையில வாங்கின மாதிரியே இருக்கு."

லேமௌது வீட்டுப் பிரஷ் கடையில் வாங்கின மாதிரியே இருந்ததற்குக் காரணம், அதை இன்னும் உறையிலிருந்தே எடுக்கவில்லை. ஊர் அந்தச் சூட்சுமத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் எல்லா வீட்டிலும் புதுப் பிரஷ், உறையோடு, பூ சுற்றி, பின்னல் விரிப்பின்மேல். பல்வேளைக்கு ஜனம் வெறும் கையைத்தான் வாய்க்கு நேராக ஆட்டியது. பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. சங்குக்குத் தகுந்த மாதிரி கை ஆடியது, நேரத்துக்குத் துப்பினார்கள். மரேத்தாவும் தன் பிரஷைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, உறை போட்ட இரண்டு பிரஷ்களைப் பாயில் வைத்தாள்.

அலபாதியின் ஈறில் மறுபடி ரத்தம் கசிய ஆரம்பித்தது. பல் ஆட்டம் கண்டது. அவனால் பொறுக்க முடியவில்லை. பழைய பிரஷை இடுப்பில் சுற்றிய லவலவாத் துணியின் மடிப்பில் செருகிக்கொண்டு டாரோத் தோட்டத்துக்கு ஓடினான். ஆளுயர இலைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, நர்ஸ் சொன்னபடி ஈறோரமாக மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். அந்தச் சுகத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சொந்த வாயைத் திருடன்போலத் தேய்க்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. நாலு நாள் இப்படி ஓடியது. ஐந்தாம் நாள் இலையை விலக்கிக்கொண்டு ஃபெரேத்தி வந்து நின்றான்.

"மச்சான், வாயில என்ன?"

அலபாதி வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினான். நுரை தாடைவழியாக இறங்கியது.

"துப்பாதீங்க மச்சான். சாட்சி வேணும். அப்படியே நடங்க."

வாயில் நுரையோடு அவனைச் சபை முன் நிறுத்தினார்கள். பதில் சொல்ல முடியாததால் விசாரணை சீக்கிரம் முடிந்தது.

"பாத்துக்கங்க, குத்தம் எப்படி வெள்ளையா இருக்கு!" என்றார் லேமௌது. "இந்தச் சபை பல்லுக்கு விரோதியில்ல. ஒழுங்கில்லாத பல்லுக்குத்தான் விரோதி. ஊரு பல்லு ஒழுங்காச் சொத்தையாகும், பொறுத்துக்கலாம். ஒருத்தன் பல்லு ஒழுங்கில்லாம நல்லா இருந்துச்சுன்னா நாளைக்கு எவன் சபையை மதிப்பான்?"

அபராதம் இரண்டு பெட்டி மீன். ஒன்று விளக்கியதற்கு, ஒன்று ஒளிந்து விளக்கியதற்கு. பிரஷ் பறிமுதல். மரேத்தா ஒரு பன்றியை விற்று மீன் வாங்கி வந்தாள். அந்த மீனைச் சபையே அன்று மத்தியானம் சாப்பிட்டது.

வாரியத்தின் சோதனை நாள் வந்தது. ஆப்பியாவிலிருந்து இயக்குநர் திருமதி தெலேசியா வெள்ளைக் காரில் இறங்கினார். மரியாதைக்கு ஆவா வேரின் பானம் பரிமாறினார்கள். இரண்டு மணி நேரம் வரவேற்புரை. பிறகு விருந்து. பன்றி, தேங்காய்ப்பாலில் வெந்த டாரோ இலைப் பலுசாமி, அதோடு மூன்றடுக்கு ஐசிங் கேக் ஐந்து, ஒரு ஆள் சுமக்க முடியாத அளவுக்குத் தேங்காய்ப்பால் பன், அண்டா நிறையக் கோகோ. விருந்தாளிக்குச் சீனியைக் குறைத்துக் கொடுத்தால் ஊருக்கு அவமானம் என்று அண்டாவில் ஒரு சாக்கையே கவிழ்த்திருந்தார்கள். தெலேசியா கேக்கை முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு பாயில் இருந்த பிரஷ்களைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வாரியம் ஆரம்பிச்சு இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமான பிரஷ்களை நான் பாத்ததே இல்ல. நாங்க ஜனங்களோட வாய்க்குள்ள எல்லாம் தலையிடுறது கிடையாது. அது அவங்கவங்க சொந்த விஷயம். எங்க கவனமெல்லாம் வாய்க்கு வெளியிலதான். ஆனா இந்த வருஷம் மேலிடத்துல ஒரு புது விதி போட்டுட்டாங்க. ஊருக்கு ஒரு வாயைத் திறந்து பாக்கணுமாம். ஒண்ணே ஒண்ணு. உங்க ஊரோட நல்ல வாயைக் கூப்பிடுங்க."

தலைவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். லேமௌது தன் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். பெருந்தலைவர் பல வருஷங்களுக்குப் பிறகு முதல்முறையாகத் தானே வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னார்.

"அலபாதி."

லேமௌது பாய்ந்து அலபாதி நின்ற மேட்டுக்கு வந்தார். "தம்பி, நீதான்டா ஊரு மானம். திருட்டுத்தனமா விளக்கினவன் நீ ஒருத்தன்தானே? ஊரே உன் வாயைத்தான் நம்பியிருக்கு."

"பிரஷைப் பிடுங்கிட்டீங்களே, ஐயா. பல்லு விழுற மாதிரி ஆடுது. இன்னைக்கு ஊதக்கூட பயமா இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மொதல்ல பல்வேளையை ஊதிக் காட்டு, அப்புறம் வந்து வாயைத் திற. ம், ஊது!"

அலபாதி சங்கை வாயில் வைத்தான். ஊதாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான். மேட்டுக்குக் கீழே ஊரே கையைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றது. இந்த ஊரில் தன்னை நிமிர்ந்து பார்ப்பது இந்த ஒரு வேளையில்தான் என்று அவனுக்குத் தெரியும். ஊதினான். முதல் சங்கு, மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய். ஈறுச் சங்குக்கு மூச்சை இழுத்து முக்கியபோது என்னவோ நெகிழ்ந்தது. சத்தம் பாதியில் காற்றாகப் போனது. கையில் ரத்தம் சொட்டியது. சங்கைக் கவிழ்த்தான். உள்ளங்கையில் பல் விழுந்தது.

கீழே ஜனம் ஈறைத் தேய்ப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே நின்றது. லேமௌது ஒரு நொடிதான் திகைத்தார். அடுத்த நொடி அந்தப் பல்லை எடுத்து லவலவாவில் துடைத்து, இயக்குநர் முன் கொண்டுபோய் நீட்டினார்.

"அம்மா, நீங்க வாயைத் தேடிக் குனிய வேண்டாம். எங்க ஊரு வாயை உங்க கைக்கே கொண்டு வந்துட்டோம். பாருங்க. ஒரு சொத்தை இருக்கா? ஒரு கறை இருக்கா? மத்த ஊருக்காரன் பாதிப் பல்லைத்தான் காட்டுவான். நாங்க வேரோட காட்டுறோம்."

தெலேசியா பல்லைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உண்மையிலேயே அப்பழுக்கில்லாத பல். முழு மதிப்பெண் போட்டார். ஊர் கைதட்டியது. அலபாதி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலியைவிட அந்தக் கைதட்டல்தான் அவனை அதிகமாக அழவைத்தது.

குளிர்பெட்டி வந்தது. ஐஸ்கிரீம் வந்தது. பட்டத்தின் வரிசைப்படி பங்கிட்டார்கள். அலபாதிக்கு வந்தது ஒரு கரண்டி. அதை வாயில் வைத்தபோது பல் இருந்த இடத்தில் சுரீரென்று ஏறியது. சங்கு இனி உதவாது என்று சபை முடிவு செய்தது. காலி எரிவாயு உருளை ஒன்றைப் பலாமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதைக் கம்பியால் அடிக்கும் வேலையை ஃபெரேத்தியின் ஆட்களில் ஒருவனுக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் உருளை முழங்கியது. அலபாதி முதன்முறையாக மற்றவர்களைப்போல வீட்டு முன் வந்து நின்றான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெறும் கையை வாய்க்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இல்லாத பல்லைத் தேடித் தேடி அவன் நாக்கு ஓட்டைக்குள் விழுந்தது. அந்த ஓட்டைக்குப் பக்கத்துப் பல்லைத் தொட்டான். அதுவும் லேசாக அசைந்தது.

அவ்வளவுதான். உள்ளே போனான். பின்னல் விரிப்பின்மேல் இருந்த பிரஷை எடுத்தான். பூவைப் பிய்த்து எறிந்தான். உறையைக் கிழித்தான். பசையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று தேய்த்தான். ஊரில் அன்று வாயில் நுரை இருந்த ஒரே ஆள் அவன்தான்.

"என்னய்யா செய்யிற!" என்று மரேத்தா பதறினாள். "அடுத்த சோதனைக்கு வச்சிருந்தது அது! அகெனெசே வந்தா என்ன சொல்லுவேன்?"

அலபாதி துப்பினான். "பல்லு ஆடுதுன்னு சொல்லு. பக்கத்துப் பல்லும் ஆடுதுடி மரேத்தா. இதுக்கு மேல என்னால கையாட்ட முடியாது."

மரேத்தா அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் ரத்தம் வருதுய்யா. ரெண்டு வாரமா. பிரஷைப் பெட்டியில வச்சதுலேர்ந்து. யார்கிட்டயும் சொல்லல."

பாதையிலிருந்து ஃபெரேத்தி கம்பை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"மச்சான், சோதனைப் பிரஷை எடுத்துட்டீங்க, நான் பாத்துட்டேன்! ஒரு பெட்டி மீனு!"

மரேத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயிலிருந்த தன் பிரஷை எடுத்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"ரெண்டு பெட்டின்னு சொல்லுடா," என்றாள்.